முன்பாரம் சரியா? பட்டாளத்து டிரெய்லர் முகாம் வீடாகும் கதை

வேப்பமரத்தடியில் சாய்ந்து நிற்கும் பழைய டிராக்டர் டிரெய்லரைப் பார்க்காத கிராமத்தார் யாரும் இருக்க முடியாது. ஒரு டயரில் காற்று இருக்காது. தளத்தில் ஓட்டை விழுந்து, அதன் வழியே புல் எட்டிப் பார்க்கும். கோழிகள் அதில் முட்டையிடும். எடைக்குப் போட மனசு வராது, சரி செய்ய நேரம் வராது.

அமெரிக்கப் பண்ணைகளிலும் இதே காட்சி உண்டு. அங்கே கொட்டகைக்குப் பின்னால் நிற்பது சில இடங்களில் ராணுவம் கழித்துவிட்ட சின்ன ஜீப் டிரெய்லர். வேலிக்கம்பமும் தீவனமும் ஏற்றி ஓய்ந்துபோன அந்த டிரெய்லரை எடுத்துப் பழுது பார்த்து, மேலே மடக்குக் கூடாரம் பொருத்தி, அடுப்பும் தண்ணீரும் வைத்து, தார்ச்சாலை இல்லாத காட்டுக்கும் மலைக்கும் பாலைவனத்துக்கும் குடும்பத்தோடு இழுத்துப் போகிறார்கள். பட்டறை வைத்திருப்பவர் மட்டுமல்ல, வெல்டிங் தெரிந்த சாதாரண ஆட்களும் வீட்டு வாசலிலேயே இந்த வேலையைச் செய்கிறார்கள்.

ஊர் சுற்றும் வண்டி உழவருக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்த வேலையில் கூடாரம் என்பது கடைசி நாளில் நான்கு போல்ட் போட்டு முடுக்குவதுதான். அதற்கு முன்னால் இருக்கிற வேலை எல்லாம் அச்சு, பேரிங், கொக்கி, பாரம். இவை நான்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் அப்படியே பொருந்தும். வயலுக்குப் போனாலும் காட்டுக்குப் போனாலும் டிரெய்லர் கவிழ்வது ஒரே காரணங்களால்தான்.

ஜீப்புக்குப் பின்னால் வந்த வண்டி

1940-ல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு சிறிய வண்டி வேண்டுமென்று கேட்டது. முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் இருந்த அமெரிக்கன் பேன்டம் என்ற சின்ன கம்பெனி. அதுதான் ஜீப்பின் முன்னோடி. ஆனால் பெரிய ஆர்டர்கள் வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகளுக்குப் போய்விட்டன. பேன்டமுக்கு மிஞ்சியது, ஜீப்புக்குப் பின்னால் இழுக்கும் கால் டன் டிரெய்லர் வேலை. ஜீப்பில் தோற்ற கம்பெனி செய்த டிரெய்லரின் அமைப்புதான், பின்னால் வந்த ராணுவ டிரெய்லர்களுக்கெல்லாம் வழிகாட்டியானது.

அதன் உடல், மூடியில்லாத இரும்புத் தொட்டி. ஏறத்தாழ ஆறடி நீளம், நாலடிக்குள் அகலம். ஆற்றில் இறக்கினால் படகுபோல மிதக்கும்படி நீர் புகாமல் செய்திருந்தார்கள். தளத்தில் தண்ணீரை வெளியேற்ற மூடிகள் உண்டு. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம் ஜீப்பின் அகலத்தோடு ஒத்திருக்கும். சேற்றிலும் மணலிலும் ஜீப் போட்ட தடத்திலேயே டிரெய்லர் சக்கரமும் ஓடும், புதுத் தடம் வெட்ட வேண்டியதில்லை. வண்டிப்பாதையில் மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தடுத்து எம்-100, எம்-416 என்ற மாதிரிகள் வந்தன. கால் டன் என்பது அமெரிக்கக் கணக்கில் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ. கரடுமுரடான பாதையில் ஏற்ற வேண்டிய அதிகபட்சப் பாரம் அதுதான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பின்னால் வரும் சங்கடங்கள் எல்லாம் விளங்கும்.

போர் முடிந்ததும் ஜீப் நேராக வயலுக்கு வந்தது. 1945-ல் வில்லிஸ் வெளியிட்ட சிஜே-2ஏ என்ற பொதுமக்கள் ஜீப்பை விவசாயிகளைக் குறிவைத்தே விற்றார்கள். டிராக்டரில் இருப்பதுபோல கருவிகளை இயக்கும் பி.டி.ஓ. தண்டுகூட விரும்பினால் பொருத்தித் தந்தார்கள். பேன்டம் கம்பெனியும் பின்கதவு வைத்த டிரெய்லரைப் பண்ணைகளுக்காகச் செய்தது. இந்தியாவில் 1947-ல் மஹிந்திரா, வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கி ஒன்று சேர்க்கத் தொடங்கியது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் அந்த வம்சத்தில் வந்தவைதான்.

வாங்கும் முன் சுத்தியல்

அமெரிக்காவில் ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவருக்கு எஸ்.எஃப்-97 என்ற அரசுச் சான்று கிடைக்கும். அதைக் காட்டித்தான் மாநிலப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமைப் பத்திரம் பெற முடியும். இரண்டு மூன்று கை மாறி வந்த டிரெய்லரில் அந்தத் தாள் தொலைந்திருக்கும். விலை குறைவு என்று வாங்கிவிட்டு, பிறகு பதிவுக்கு அலைவது அங்கேயும் நடக்கிறது. தாள் இல்லாத வண்டிக்குக் கொடுக்கும் விலையில் அந்த அலைச்சலையும் கழித்துப் பேசுகிறவரே விவரமானவர்.

நம் நாட்டில் விஷயம் இன்னும் கறாரானது. டிரெய்லருக்குத் தனிப் பதிவெண் வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. விவசாயத்துக்கென்று பதிவான டிரெய்லரின் மேல் அறை கட்டிச் சாலையில் ஓட்ட நினைப்பவர், வெல்டிங் ராடு வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது பதிவுப் புத்தகத்தைத்தான்.

தாள் சரியாக இருந்தால் அடுத்தது சுத்தியல். சின்ன சுத்தியலால் சட்டத்தின் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே உளுத்தது மொத்தென்று சொல்லும். தொட்டியும் சட்டமும் சேரும் இடம், ஸ்பிரிங் பட்டை மாட்டும் காதுகள், இழுவைக் கை சட்டத்தோடு சேரும் மூலை ஆகிய மூன்றையும் விடவே கூடாது. தளத்தில் ஓட்டை இருந்தால் பயமில்லை, தகடு வைத்து அடைக்கலாம். இழுவைக் கையின் மூலையில் மயிரிழை போல வெடிப்பு இருந்தால் அந்த டிரெய்லரை விட்டுவிடுவதே மேல். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும் டிரெய்லரில்தான் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இந்தத் தொட்டிகள் துருப்பிடிப்பதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. நீர் புகாத தொட்டி என்றால், மேலே பெய்த மழை வெளியேயும் போகாது. தள மூடிகளைத் திறந்துவைக்காமல் வெளியில் நிறுத்திய டிரெய்லர்கள் எல்லாம் உள்ளிருந்து அரித்துப் போனவை.

பழைய பெயின்ட் லேசுப்பட்டதல்ல

துருவைச் சுரண்டும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய ராணுவ பெயின்ட்டில் ஈயமும் குரோமியமும் இருக்க வாய்ப்பு உண்டு. 1980-களின் நடுவிலிருந்து அமெரிக்க ராணுவம் ரசாயனத் தாக்குதலைத் தாங்கும் தனி வகைப் பூச்சைப் பயன்படுத்தியது. அதைக் கிரைண்டர் போட்டு உலர்ந்த தூளாகப் பறக்கவிட்டாலும், அதன் மேலேயே வெல்டிங் வைத்தாலும், நச்சுத் தூசியும் புகையும் நேராக நுரையீரலுக்குப் போகும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது இதற்குக் காணாது. உரிய வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். ரசாயனம் தடவி இளக்கிச் சுரண்டுவதும், ஈரப்படுத்தித் தேய்ப்பதும் தூசியைக் குறைக்கும். சுரண்டிய தூளைக் கீழே தார்ப்பாய் விரித்துச் சேகரிக்க வேண்டும். ஆடு மாடு மேயும் இடத்திலும் கிணற்றடியிலும் இந்த வேலையைச் செய்யவே கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

துத்தநாகப் பூச்சுள்ள தகட்டில் வெல்டிங் வைப்பவர்களுக்கும் இதே கதைதான். அன்று இரவு குளிர்க்காய்ச்சல் போல உடம்பு நடுங்கும். வைக்கும் இடத்தில் பூச்சை நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

பேரிங்கும் டயரும்

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பேரிங்கின் கதை தெரியும். சுற்றிவிட்டுக் காது கொடுத்தால் மீதி தெரியும். ஆனால் பத்து இருபது வருடம் நின்ற டிரெய்லரில் சோதனையே தேவையில்லை. பேரிங்கைக் கழற்றி, பழைய கிரீஸைக் கழுவி, குழி விழுந்திருந்தால் வெளிவளையத்தோடு சேர்த்து மாற்றி, புது ஆயில் சீல் போட்டுவிடுவதே மலிவு. கிரீஸை வெளியே பூசினால் போதாது, உருளைகளுக்கு நடுவே புகும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்த வேண்டும். நட்டை முடுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே முடுக்கி, பிறகு சிறிது தளர்த்திப் பூட்ட வேண்டும். இறுக்கமாக விட்டால் சூடேறி உருகும், தளர்வாக விட்டால் ஆடி உடையும்.

முதல் ஓட்டத்தில் பத்து பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, சக்கர நடுப்பகுதியை மெதுவாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் மேலே ஓட்டக் கூடாது.

ஓடை தாண்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓடிச் சூடான பேரிங் கூடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்து உள்ளே துருவும் கஞ்சி போன கிரீஸும்தான் இருக்கும். அதனால் ஆழமான தண்ணீரில் இறங்கி வந்தவர்கள் வீடு திரும்பியதும் பேரிங்கைத் திறந்து பார்க்கிறார்கள். வாய்க்காலில் இறக்கி டிரெய்லரைக் கழுவுகிற நம் வழக்கத்துக்கும் இது பொருந்தும். ஆறவிட்டுக் கழுவினால் பேரிங் பிழைக்கும்.

டயரில் காடு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயதைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஓடாமல் நின்ற டயரும் வெயிலில் வெடிப்பு விட்டு வலுவிழக்கும். எம்-416-ன் சக்கரத்தில் ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டம் ஐந்தரை அங்குலம். பழைய சிஜே ஜீப்புகளுக்கும் அதே அளவு. இழுக்கும் வண்டிக்கும் டிரெய்லருக்கும் ஒரே ஸ்டெப்னி போதும் என்பதுதான் ராணுவம் செய்த கெட்டிக்காரத்தனம். வேறு வண்டியில் இழுப்பவர்களும் இரண்டுக்கும் ஒரே சக்கரம் அமையும்படி மாற்றிக்கொள்கிறார்கள். ஆளில்லாத பாலைவனத்தில் இரண்டு வகை ஸ்டெப்னி தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இந்தப் பகுதியைச் சொல்லித் தரத் தேவையில்லை. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். வண்டிக்காரர் முன்னும் பின்னும் நகர்ந்து உட்கார்ந்தே அதைச் சரி செய்துவிடுவார். டிராக்டருக்கும் காருக்கும் தொண்டை இல்லை என்பதால் அந்தக் கவனம் போய்விட்டது.

ஒற்றை அச்சு டிரெய்லர் எதுவும் தராசுதான். அச்சு முள், இரண்டு பக்கமும் தட்டு. சாலையில் இழுக்கும் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. டிரெய்லர் 400 கிலோ என்றால் கொக்கியில் 40 முதல் 60 கிலோ. அதற்குக் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் நாய் வாலைப்போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் பெரிதாகி, கடைசியில் இழுக்கும் வண்டியையே சாலையை விட்டுத் தள்ளிவிடும். அப்போது பதறிப்போய் பிரேக்கை மிதித்தாலும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தாலும் கவிழ்வது நிச்சயமாகிவிடும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடுவதே வழி. நின்ற பிறகு பாரத்தை முன்னால் மாற்ற வேண்டும். மெதுவாகப் போனால் சரியாகிவிடும் என்று அப்படியே ஓட்டுபவர், அடுத்த இறக்கத்தில் மறுபடி மாட்டிக்கொள்வார்.

சின்ன மாற்றம் எவ்வளவு செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. அச்சிலிருந்து கொக்கி 2 மீட்டர் தூரம். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, அதாவது 40 கிலோ, அச்சுக்கு முக்கால் மீட்டர் பின்னால் இருக்கின்றன. அவை கொக்கியை 15 கிலோ மேலே தூக்கும். அதே கேன்களை அச்சுக்கு முக்கால் மீட்டர் முன்னால் வைத்தால், 15 கிலோ கீழே அழுத்தும். இரண்டு கேன்களை ஒன்றரை மீட்டர் நகர்த்தியதில் கொக்கியில் 30 கிலோ வித்தியாசம். பாரத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு, அது செலவாகும். போகும்போது சரியாக இருந்த பாரம், மூன்றாம் நாள் தொட்டி காலியானதும் மாறியிருக்கும். அதனால் அனுபவசாலிகள் தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே, தளத்தோடு ஒட்டி வைக்கிறார்கள். நிறைந்தாலும் தீர்ந்தாலும் தராசு ஆடாது.

அளப்பது சுலபம். பாரம் முழுக்க ஏற்றிய டிரெய்லரைக் கழற்றி எடைமேடையில் நிறுத்தினால் மொத்த எடை தெரியும். இழுக்கும் உயரத்திலேயே கொக்கி இருக்கும்படி முட்டுக் கொடுத்து, அந்த முட்டை ஒரு எடை இயந்திரத்தின் மேல் நிறுத்தினால் முன்பாரம் தெரியும்.

டிராக்டரில் நிலைமை கொஞ்சம் வேறு. வேகம் குறைவு என்பதால் வால் ஆட்டம் அபூர்வம். ஆனால் கரும்பை டிரெய்லருக்கு வெளியே பின்னால் தொங்கவிட்டு ஏற்றினால், பின்பாரம் டிராக்டரின் இழுவைக் கம்பியைத் தூக்கும். பின்சக்கரம் பிடிமானம் இழந்து மேட்டில் வழுக்கும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. முன்பாரம் அளவுக்கு மிஞ்சினால் டிராக்டரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. இரண்டும் ஆளைக் கொல்லக் கூடியவை.

227 கிலோ என்பது எவ்வளவு?

கேட்கும்போது நிறையத்தான் தெரியும். நான்கு பேர் தூக்க முடியாத எடை அல்லவா? மெத்தையோடு மடக்குக் கூடாரம் 60 கிலோ. அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் 40. தண்ணீர் 40. ஐஸ் பெட்டியும் உணவும் 30. பேட்டரி 25. ஸ்டெப்னி 25. அடுப்பு, கேஸ் சிலிண்டர், பாத்திரம் சேர்ந்து 25. கூட்டினால் 245 கிலோ. இன்னும் துணிமணி, நாற்காலி, மண்வெட்டி, ஜாக்கி எதையும் சேர்க்கவில்லை. அதற்குள் ராணுவம் சொன்ன அளவைத் தாண்டியாயிற்று.

இந்த இடத்தில்தான் ஆட்கள் இரண்டு வழியாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் அச்சையே கழற்றிவிட்டு, 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,590 கிலோ தாங்கும் புது அச்சைப் பொருத்துகிறார்கள். அது நல்ல வேலைதான், அதோடு மின்சார பிரேக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அச்சு தாங்குகிறது என்பதற்காக டிரெய்லர் 1,590 கிலோ தாங்காது. ஸ்பிரிங் பட்டை, சட்டம், இழுவைக் கை, கொக்கி, டயர், இழுக்கும் வண்டி ஆகியவற்றில் எது குறைவோ அதுதான் அளவு. இதை மறந்து, புது அச்சின் தைரியத்தில் மேலும் மேலும் அடுக்கியவர்களின் டிரெய்லர்களில் இழுவைக் கை மூலையில் வெடிப்பு விடுகிறது.

இன்னொரு சாரார் பொருளைக் குறைக்கிறார்கள். இரும்புச் சட்டத்துக்குப் பதில் அலுமினியம், பெரிய கூடாரத்துக்குப் பதில் இருவர் கூடாரம், பேட்டரியும் ஸ்டெப்னியும் இழுக்கும் வண்டியிலேயே. காட்டுப் பாதைக்கு இந்த இரண்டாவது வழிதான் புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது. பாறையில் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு கிலோவும் தன் எடையைப்போலப் பல மடங்காக அடிக்கும்.

பிரேக் விஷயத்தில் அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு எடை வரம்பு. ஆஸ்திரேலியாவிலும் இப்படி முகாம் டிரெய்லர்கள் அதிகம். அங்கே டிரெய்லர் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். எம்-416-ல் இருப்பது நிறுத்தி வைக்க உதவும் கைபிரேக் மட்டும்தான். ஓடும்போது அதை நிறுத்துவது முழுக்க முன்வண்டியின் வேலை.

தொட்டியை வெட்டலாமா?

ராணுவத் தொட்டிக்குப் பின்கதவு கிடையாது. எதை எடுக்க வேண்டுமானாலும் மேலிருந்து குனிய வேண்டும், கூடாரச் சட்டம் வந்த பிறகு அதுவும் முடியாது. அதனால் பலர் பின்பக்கத் தகட்டை வெட்டிக் கதவு வைத்து, கதவைத் திறந்தால் அதுவே சமையல் மேடை ஆகும்படி செய்கிறார்கள். வசதிதான். ஆனால் நான்கு பக்கமும் மூடிய தொட்டிக்கு வலுவே அந்த மூடிய அமைப்புதான். ஒரு பக்கத்தை வெட்டினால், திறந்த அட்டைப் பெட்டிபோலத் தொட்டி முறுக்கிக்கொள்ளும். வெட்டுபவர்கள் அந்த வாயைச் சுற்றிச் சதுரக் குழாய் வைத்துக் கட்ட வேண்டும், எடை மறுபடி கூடும். வெட்டாதவர்கள் சமையல் சாமான்களை இழுவைக் கையின் மேல் ஒரு பெட்டியில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் முன்பாரத்தை மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

கொக்கியும் விளக்கும்

ராணுவ டிரெய்லரின் மூக்கில் கனமான இரும்பு வளையம் இருக்கும். அதை முன்வண்டியின் கவ்வுக் கொக்கியில் மாட்டிப் பூட்ட வேண்டும். ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். ஆனால் பள்ளத்தில் டிரெய்லர் ஒரு பக்கமும் வண்டி மறுபக்கமும் சாய்ந்தாலும் முறுக்காமல் திரும்பிக் கொடுக்கும். சாதாரண உருண்டைக் கொக்கி அந்தச் சாய்வில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கொக்கி போட்டாலும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் வேண்டும். அவற்றை இழுவைக் கைக்கு அடியில் குறுக்காக மாட்டுவார்கள். கொக்கி கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் விழுந்து தொங்கும். சங்கிலியே இல்லாமல் ஓடும் டிரெய்லர்கள் நம் சாலைகளில் எத்தனை!

ராணுவ மின்சாரம் 24 வோல்ட், நம் கார் ஜீப் எல்லாம் 12 வோல்ட். பழைய பல்பை அப்படியே இணைத்தால் மின்மினிபோலத்தான் எரியும். பழைய ஒயரை இழுத்துப் போட்டுவிட்டு எல்.இ.டி. விளக்கும் புது ஒயரும் போடுவதே முறை. எர்த்துக்குத் தனி ஒயர் வேண்டும். கொக்கி வழியாக எர்த் கிடைக்கிறது என்று விட்டால், குலுங்கும்போதெல்லாம் விளக்கு அணைந்து அணைந்து எரியும். விளக்குக்கு மேல் பின்பக்கம் சிவப்பு பிரதிபலிப்புப் பட்டையும் அவசியம். இரவில் நிற்கும் டிரெய்லரில் மோட்டார் சைக்கிள் மோதிச் சாகிற செய்தி வராத அறுவடைக் காலம் இல்லை. ஒரு அடி பட்டை அதைத் தடுக்கும்.

முகாம் போட்ட பிறகு

இடம் சேர்ந்ததும் முதல் வேலை சக்கரத்துக்குக் கட்டை. அடுத்து நான்கு மூலையிலும் முட்டுக்கால். இரண்டு சக்கர டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, பின்பக்கம் ஏணி வைத்து ஒருவர் ஏறினால் மூக்கு மேலே போய் மொத்தமும் பின்னால் குடை சாயும். இருட்டில் பிள்ளைகள் முதலில் ஓடி ஏறுவார்கள். முட்டுக்கால் இறங்கும்வரை ஏணியை எடுத்து வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று அடுப்பையோ கரி மூட்டத்தையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. மூடிய இடத்தில் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தரும். வாசம் இருக்காது, கண் எரியாது, தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். மலைத் தோட்டங்களில் கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்டிப் படுப்பவர்களுக்கும் ஆபத்து இதேதான். குளிருக்குக் கம்பளியே போதும்.

அமெரிக்காவில் மத்திய அரசின் திறந்தவெளி நிலங்கள் பலவற்றில் கட்டணமில்லாமல் முகாமிடலாம், பொதுவாக ஒரே இடத்தில் 14 நாள் வரை. கரடி உள்ள காடுகளில் உணவைக் கூடாரத்தில் வைக்காமல், கரடி திறக்க முடியாத பெட்டியில் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். குப்பையைத் திரும்ப ஏற்றி வர வேண்டும். வரும்போது பாரம் குறைந்திருக்கும், குப்பை மூட்டை பெரும்பாலும் கடைசியாகப் பின்னால்தான் ஏறும். முன்பாரத்தை மறுபடி பார்க்க வேண்டிய நேரம் அது.

புதிதாகப் பூட்டிய சக்கர நட்டுகளை முதல் 50, 100 கிலோமீட்டரில் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். புது பெயின்ட்டின் மேல் உட்கார்ந்த நட்டு சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கூடாரச் சட்டத்தை வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் பூட்டியவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. ஊர் திரும்பியதும் கொட்டகை உத்தரத்தில் கப்பி மாட்டிக் கூடாரத்தை அப்படியே மேலே தூக்கிக் கட்டிவிட்டு, டிரெய்லரைக் கீழே உருவிக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில் அதில் வேலிக்கம்பமும் தீவன மூட்டையும் ஏறிவிடும்.